பொப் மார்லியின் கால் பெருவிரல்: காயம் என்று நம்பப்பட்ட புற்றுநோய்

முச்சக்கர வண்டியின் பின்புறத்திலும் இளைஞர்களின் சட்டையிலும் சடைமுடியோடு சிரிக்கும் ஒரு முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜமெய்க்காவின் பாடகர் பொப் மார்லியின் முகம் அது. ரெகே இசையை உலகம் முழுவதும் கொண்டு சென்றவர் அவர். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால் சுடப்பட்டு இறந்தார் என்று சிலர் சொல்வார்கள். போதைப்பொருளால் இறந்தார் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் பிழை. வலது கால் பெருவிரலின் நகத்துக்குக் கீழே தொடங்கிய தோல் புற்றுநோய், 1981 மே 11ஆம் திகதி, 36ஆவது வயதில் அவரைக் கொண்டு போனது.

அவரைச் சுட்டது உண்மைதான். அந்தச் சூட்டில் அவர் தப்பினார். உதைபந்து விளையாடும்போது பட்ட காயம் என்று அவரும் கூட இருந்தவர்களும் நம்பிய ஒரு சிறு புண்ணில் இருந்துதான் தப்பவில்லை.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்களில் பலரின் உடம்பில் தழும்புகள் உண்டு. இது இன்ன இடத்தில் ஷெல் விழுந்தபோது பட்டது, இது முகாமில் விழுந்து பட்டது, இது பங்கருக்குள் பாயும்போது கிழித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. காரணம் தெரிந்த காயத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மார்லிக்கும் அதுதான் நடந்தது.

மலைக் கிராமத்தில் இருந்து தகரக் கொட்டில் வரை

1945 பெப்ரவரி 6ஆம் திகதி, ஜமெய்க்காவின் சென் ஆன் பகுதியில் உள்ள நைன் மைல் என்ற மலைக் கிராமத்தில் மார்லி பிறந்தார். தாய் செடெல்லா 18 வயதுக் கறுப்பினப் பெண். தந்தை நோர்வல் மார்லி ஏறத்தாழ 60 வயதான வெள்ளையர், தோட்டக் கண்காணிப்பாளர். செடெல்லாவை அவர் முறைப்படி மணந்தாலும் குடும்பத்தோடு வாழவில்லை. மார்லிக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1955இல், அவர் இறந்துபோனார்.

தாயும் மகனும் பிழைப்புத் தேடித் தலைநகர் கிங்ஸ்ரனுக்கு வந்தார்கள். ட்ரென்ச் ரவுன் என்ற ஏழைக் குடியிருப்பில் வாழ்க்கை தொடங்கியது. ஒரு முற்றம், அதைச் சுற்றிப் பல குடும்பங்கள், எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய், பொதுவான சமையல் இடம். முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த முற்றத்தை விளக்க வேண்டியதில்லை. கலப்பினப் பிள்ளை என்பதால் கறுப்பினப் பிள்ளைகளும் அவரைக் கேலி செய்தார்கள், வெள்ளையரும் அவரைத் தம்மவராக ஏற்கவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டபின் வெல்டிங் பட்டறையில் தொழில் பழகினார். ஒருநாள் இரும்புத் துகள் ஒன்று கண்ணில் பாய்ந்தது. அதன்பின் பட்டறையை விட்டுப் பாட்டின் பக்கம் போனார். அயலில் இருந்த பனி லிவிங்ஸ்ரன், பீற்றர் ரொஷ் என்ற இருவரோடு சேர்ந்து வெய்லர்ஸ் என்ற குழுவை உருவாக்கினார். 1964இல் அவர்களின் சிம்மர் டவுன் என்ற பாட்டு ஜமெய்க்கா முழுவதும் பிரபலமானது. கத்தியோடும் கோபத்தோடும் திரிந்த குடியிருப்பு இளைஞர்களைச் சற்று அடங்கி இருக்கச் சொன்ன பாட்டு அது.

1966இல் ரீற்றா அன்டர்சனை மணந்தார். சிலகாலம் அமெரிக்காவில் தாயோடு தங்கித் தொழிற்சாலைகளில் வேலை செய்தார். திரும்பி வந்தபின் ரஸ்தபாரி சமயத்தில் ஆழமாக இறங்கினார். எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைத் தெய்வமாகக் கொண்டாடும் சமயம் அது. தலைமுடியை வெட்டக்கூடாது, உடம்பு இறைவன் குடியிருக்கும் இடம், அதில் எந்தப் பகுதியையும் வெட்டி எறியக் கூடாது என்பது அவர்களில் பலரின் நம்பிக்கை. இந்த நம்பிக்கை பின்னர் அவரது வாழ்வில் பெரிய கேள்வியாக வந்து நின்றது.

1973இல் கட்ச் எ பயர் என்ற இசைத்தட்டு லண்டன் நிறுவனம் ஒன்றின் வழியாக வெளிவந்தது. இரண்டு வருடங்களுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர் பெயர் பரவியது. எங்கே போனாலும் கிற்றாரோடு ஒரு பந்தும் கூடவே போகும். மேடை ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும், தரையில் இடம் கிடைத்தால் உதைபந்து விளையாடுவார்.

சுடப்பட்ட இரவு

1976ஆம் ஆண்டு ஜமெய்க்கா தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பின்னால் ஆயுதக் குழுக்கள் இருந்தன. எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதை வைத்தே ஒருவர் எந்தக் கட்சி என்று தீர்மானித்துச் சுட்டார்கள். பதற்றத்தைக் குறைக்கும் எண்ணத்தோடு மார்லி டிசம்பர் 5ஆம் திகதி இலவச இசை நிகழ்ச்சி ஒன்றை நடத்த ஒப்புக்கொண்டார்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு, டிசம்பர் 3ஆம் திகதி இரவு, ஹோப் வீதியில் உள்ள அவரது வீட்டுக்குள் துப்பாக்கிதாரிகள் புகுந்தார்கள். மனைவி ரீற்றாவின் தலையில் குண்டு பட்டது. முகாமையாளர் டொன் ரெய்லருக்குப் பலத்த காயம். மார்லியின் மார்பை உரசிச் சென்ற குண்டு அவரது கையில் தங்கியது. எடுக்கப்போனால் விரல்களின் உணர்ச்சி போய்விடலாம் என்பதால் அதை உள்ளேயே விட்டார்கள். உடம்புக்குள் இரும்பைச் சுமந்துகொண்டு வாழ்வது என்ன என்று எங்களில் பலருக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, கட்டுப் போட்ட கையோடு, அவர் அதே மேடையில் ஏறிப் பாடினார். பின்னர் நாட்டை விட்டு வெளியேறி லண்டனில் தங்கினார். அந்தப் புலம்பெயர்வில் பிறந்தது எக்ஸோடஸ் என்ற இசைத்தட்டு. பெயரின் பொருளே வெளியேற்றம்தான்.

பரிசில் ஒரு உதைபந்தாட்டம்

1977 மே மாதம். எக்ஸோடஸ் பாடல்களோடு ஐரோப்பியப் பயணம் தொடங்கியிருந்தது. பரிசில் ஓய்வாக இருந்த நேரத்தில் அவரது குழுவினர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களோடு உதைபந்து விளையாடினார்கள். ஆட்டத்தில் ஒருவரின் கால் மார்லியின் வலது பெருவிரலில் பலமாகப் பட்டது. நகம் பெயர்ந்தது.

அந்த விரலில் அதற்கு முன்பே ஒரு தடவை விளையாட்டில் காயம் பட்டிருந்தது. அது சரியாக ஆறியிருக்கவில்லை. ஆகவே இந்தப் புதுக் காயத்தையும் யாரும் புதினமாகப் பார்க்கவில்லை. பந்து விளையாடுபவனின் கால் விரல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். கட்டுப் போட்டார்கள். அவரும் கட்டோடு மேடையில் ஆடினார்.

புண் ஆறவில்லை. நொண்டி நடக்கத் தொடங்கினார். கடைசியில் விரலில் இருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தபோது, 1977 யூலையில், உண்மை தெரிந்தது. நகத்துக்கு அடியில் மெலனோமா என்ற புற்றுநோய் இருந்தது.

பந்து பட்டதால் புற்றுநோய் வந்தது என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். அப்படி நிறுவப்படவில்லை. அவருக்கு நோய் வேண்டுமென்றே ஏற்றப்பட்டது என்ற வதந்தியும் உண்டு. அதற்கும் ஆதாரம் இல்லை. உதைபந்து செய்தது ஒன்றே ஒன்றுதான். விரலில் தெரிந்த மாற்றத்துக்கு நம்பத்தகுந்த ஒரு காரணத்தைக் கொடுத்தது. அந்தக் காரணம் கிடைத்ததும் வேறு காரணத்தைத் தேடும் தேவை யாருக்கும் ஏற்படவில்லை.

நகத்துக்குக் கீழே இருந்தது என்ன?

எங்கள் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அதை உருவாக்கும் கலங்கள் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அதுதான் மச்சம். பெரும்பாலான மச்சங்கள் வாழ்நாள் முழுவதும் எந்தத் தீங்கும் செய்வதில்லை. அதே கலங்கள் கட்டுப்பாடு இழந்து பெருகினால் அது மெலனோமா. சிலவேளை இருந்த மச்சத்தில் இருந்து தொடங்கும். பெரும்பாலும் மச்சமே இல்லாத இடத்தில் புதிதாக முளைக்கும்.

மெலனோமா என்றால் வெயிலில் கிடக்கும் வெள்ளைக்காரருக்கு வரும் நோய் என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. வெள்ளைத் தோலுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் மார்லிக்கு வந்தது வேறு வகை. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமா அது. இதற்கு வெயில் முக்கிய காரணம் அல்ல. வெள்ளையரிடம் காணப்படும் மெலனோமாவில் இது மிகச் சிறு பங்கு. கறுத்த, மண்ணிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அரிதாகவே வருகிறது. வரும்போது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. தந்தை வெள்ளையர் என்பதால்தான் மார்லிக்கு இந்த நோய் வந்தது என்று சொல்வோர் இதைக் கவனிப்பதில்லை. அவர் உடம்பில் இருந்தது கறுத்த மக்களிடம் வரும் வகை.

இந்த வகையை மருத்துவம் தனியாகப் பிரித்து விவரித்ததே 1976இல்தான். அதாவது மார்லியின் விரலில் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு வருடம் முன்பு. சந்தேக மச்சங்களை அடையாளம் காண இன்று உலகம் முழுவதும் சொல்லிக் கொடுக்கப்படும் எளிய விதிகள் 1985இல் வகுக்கப்பட்டன. அப்போது அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அவர் அலட்சியமாக இருந்தார் என்று இன்று சொல்வது எளிது. அவரது காலத்தில் கால் விரல் நகத்தைக் கவனி என்று ஒரு கறுப்பினத்தவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

விரலை எடுப்பதா?

பெருவிரலை வெட்டி எடுப்பதுதான் பாதுகாப்பு என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். உடம்பைச் சிதைக்கக் கூடாது என்ற சமய நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். பெருவிரல் இல்லாமல் மேடையில் எப்படி ஆடுவது, பந்தை எப்படி உதைப்பது என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

ஒரு விரலுக்காக உயிரை விட்டாரே என்று பலர் எழுதிவிட்டார்கள். கால் ஒன்றை மிதிவெடியில் கொடுத்தவர்கள் இதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வெட்டி எடுக்கப்பட்ட பின் உடம்பு எப்படி இருக்கும், ஊர் எப்படிப் பார்க்கும், தொழில் என்னவாகும் என்ற கேள்விகள் வெறும் கற்பனை அல்ல. மார்லி பயந்தது மனிதர் எல்லோரும் பயப்படும் ஒன்றுக்குத்தான்.

மியாமியில் வேறு ஒரு சத்திரசிகிச்சை செய்தார்கள். நகத்தையும் அதன் அடித் தசையையும் அகற்றி, தொடையில் இருந்து தோல் எடுத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். விரல் மிஞ்சியது. அமெரிக்கப் பயணம் கைவிடப்பட்டது. சில மாதங்களில் காயம் வெளியே ஆறியது.

1977இல் விரலை எடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோய் அதற்கு முன்பே இரத்தத்தின் வழியே புறப்பட்டிருக்கலாம். மெலனோமாவின் ஆபத்தைத் தீர்மானிப்பது அதன் அகலத்தை விட ஆழம். மேல் தோலுக்குள் மட்டும் நிற்கும்போதோ ஒரு மிலிமீற்றருக்குக் குறைவான ஆழத்தில் இருக்கும்போதோ கண்டுபிடித்து வெட்டி எடுத்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள். ஆழம் கூடக்கூட அந்த வாய்ப்புக் குறைகிறது. சில மிலிமீற்றர்தான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகத்துக்கு அடியில் வரும் மெலனோமாவை மேல் தோலோடு நிற்கும்போதே கண்டால், இன்று பல இடங்களில் விரலை வெட்டுவதில்லை. நகத்தையும் அதன் படுக்கையையும் மட்டும் அகற்றித் தோல் ஒட்டுகிறார்கள். மார்லி கேட்டது அதைத்தான். விரலை வைத்துக்கொண்டே உயிரையும் காக்கும் வழி, நேரத்தோடு கண்டுபிடிப்பவருக்குத்தான் திறந்திருக்கிறது. வெட்டி விடுவார்கள் என்ற பயத்தில் வைத்தியரிடம் போகாமல் இருப்பவர், வெட்ட வேண்டிய நிலைக்குத் தானே நடந்து போகிறார்.

வெளியே ஆறிய காயம்

அடுத்த மூன்று வருடங்களும் மார்லியின் வாழ்வில் மிக உயரமான காலம். 1978 ஏப்ரல் 22ஆம் திகதி கிங்ஸ்ரன் தேசிய விளையாட்டரங்கில் சமாதான இசை நிகழ்ச்சி நடந்தது. எதிரெதிர்க் குடியிருப்புகளின் ஆயுதக் குழுத் தலைவர்களே பேசி ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. பாடிக்கொண்டிருந்த மார்லி பிரதமர் மைக்கல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வேர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்தார். இருவரின் கைகளையும் பிடித்துத் தன் தலைக்கு மேலே சேர்த்து உயர்த்தினார். அந்தப் படம் உலகம் முழுவதும் போனது.

அந்தக் கைகோர்ப்பு சண்டையை நிறுத்தவில்லை. நிகழ்ச்சிக்கு வழிசெய்த குழுத் தலைவர்கள் இருவர் அடுத்த இரண்டு வருடங்களில் கொல்லப்பட்டார்கள். 1980 தேர்தல் முன்னையதை விடக் கொடூரமாக நடந்தது. மேடையில் கைகோர்த்த தலைவர்களையும் கீழே தொடர்ந்து செத்த சனங்களையும் பார்த்த எங்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

1980 ஏப்ரலில் சிம்பாப்வே சுதந்திரம் பெற்ற இரவில், அந்த நாட்டின் அழைப்பில் அங்கே போய்ப் பாடினார். யூனில் மிலான் நகரில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடிய அரங்கில் பாடினார். மேடையில் துள்ளி ஆடிய அந்த மனிதரின் விரலைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

உள்ளே நோய் வேலை செய்துகொண்டிருந்தது. மெலனோமா அகற்றப்பட்ட பின்னும் பல வருடங்கள் அமைதியாக இருந்துவிட்டு வேறு உறுப்பில் தலை காட்டக் கூடியது. அதனால்தான் சிகிச்சை முடிந்தவர்களை வருடக்கணக்கில் கிளினிக்குக்கு வரச் சொல்கிறார்கள். தோலை முழுவதும் பார்ப்பார்கள். காலில் நோய் இருந்தவருக்குக் கவட்டில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். காயம் ஆறிவிட்டது, இனி எதற்குக் கிளினிக் என்று நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்திலும் அடிக்கடி நடக்கிறது.

கடைசி எட்டு மாதம்

1980 செப்ரெம்பரில் நியூயோர்க்கில் இரண்டு இரவுகள் பாடினார். மறுநாள், 21ஆம் திகதி, சென்ரல் பார்க் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். ஸ்கான் செய்தபோது நோய் மூளைக்கும் சுவாசப்பைக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது தெரிந்தது. இரண்டு நாள் கழித்து பிற்ஸ்பேர்க் நகரில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. அங்கே போய் முழுவதும் பாடி முடித்தார். அதுவே கடைசி மேடை.

நியூயோர்க்கில் சிகிச்சை தொடங்கியது. அந்த நவம்பரில் எத்தியோப்பிய ஓர்தொடொக்ஸ் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் ஜேர்மனியின் பவேரியா மலைப் பகுதியில் ஜோசெப் இசெல்ஸ் என்ற வைத்தியரின் நிலையத்துக்குப் போனார். மற்ற வைத்தியர்கள் கைவிட்ட நோயாளிகளை எடுத்து, நிரூபிக்கப்படாத முறைகளில் சிகிச்சை செய்தவர் அவர். மாரிக் குளிரில், சடைமுடியை இழந்து, உடல் மெலிந்து, 36ஆவது பிறந்த நாள் அங்கேயே கழிந்தது.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்ததும் ஊருக்குப் போய்ச் சாக விரும்பினார். விமானம் மியாமிக்கு வந்தபோது நிலைமை மோசமாகி அங்கேயே வைத்தியசாலையில் சேர்த்தார்கள். 1981 மே 11ஆம் திகதி இறந்தார். ஊர் மண்ணை உயிரோடு மிதிக்கவில்லை.

மே 21ஆம் திகதி ஜமெய்க்கா அரச மரியாதையோடு அவரை அடக்கம் செய்தது. மேடையில் கைகோர்க்க வைக்கப்பட்ட இருவரும் அந்த இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். அதற்குள் சியாகா பிரதமராகியிருந்தார். கிற்றாரும் விவிலியமும் கூடவே வைக்கப்பட்டு, பிறந்த நைன் மைல் கிராமத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

எங்கள் உடம்பில் எதைப் பார்ப்பது?

எங்கள் சனத்துக்கு மச்சம் என்றால் அதிர்ஷ்டம். எந்த இடத்தில் மச்சம் இருந்தால் என்ன பலன் என்று சொல்ல ஆட்கள் உண்டு. அந்த மச்சம் போன வருடம் இருந்ததுபோல இந்த வருடமும் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

முதலில் பயத்தை விடுங்கள். எங்கள் மத்தியில் மெலனோமா அரிது. நீங்கள் கவனிக்கும் நூறு கறுப்புப் புள்ளிகளில் ஏறத்தாழ எல்லாமே தீங்கற்றவையாகத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், பத்து நிமிடம் செலவழித்தால் போதும்.

மச்சத்தில் கவனிக்க வேண்டியவை ஐந்து. ஒரு பாதி மற்றப் பாதி போல இல்லாமல் கோணலாக இருப்பது. ஓரம் தெளிவில்லாமல் சிதறி இருப்பது. ஒரே மச்சத்தில் கறுப்பு, மண்ணிறம், சிவப்பு, நீலம் என்று பல நிறம் கலந்திருப்பது. பென்சிலின் பின்னால் உள்ள அழிறப்பரை விட, அதாவது 6 மிலிமீற்றரை விடப் பெரிதாக இருப்பது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஐந்தாவது: வாரங்களிலோ மாதங்களிலோ மாறிக்கொண்டே இருப்பது. பெருத்தல், நிறம் மாறுதல், கடித்தல், இரத்தம் கசிதல் எல்லாம் இதில் அடங்கும். உங்கள் உடம்பில் உள்ள மற்ற மச்சங்களைப் போல இல்லாமல் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அடுத்து, நாங்கள் வழக்கமாகப் பார்க்காத இடங்கள். உள்ளங்கால், குதிக்கால், கால் விரல் இடுக்கு, உள்ளங்கை, கை கால் நகங்கள். குனிய முடியாத வயதானவர்களின் பாதத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். தனியாக இருப்பவர்கள் நிலத்தில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். நகத்தில் பூச்சோ மருதோன்றியோ இருந்தால் அது போனபின் ஒருதடவை கவனியுங்கள்.

கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய மண்ணிறக் கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே ஒரு நகத்தில், முக்கியமாகப் பெருவிரலில், புதிதாக ஒரு கறுப்புக் கோடு தோன்றி, வரவர அகலமாகி, நகத்தின் அடியில் உள்ள தோலிலும் கறுப்புப் படர்ந்தால் தாமதிக்கக் கூடாது. நகம் பிளந்தாலோ, பெயர்ந்தாலோ, கீழே புண் வந்தாலோ அதுவும் அப்படித்தான்.

அடிபட்டு இரத்தம் கட்டினாலும் நகம் கறுக்கும். வித்தியாசத்தை அறிய ஒரு வழி உண்டு. இரத்தக் கட்டு நகத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல நுனியை நோக்கி நகரும். கால் பெருவிரல் நகம் மாதம் ஒன்றரை மிலிமீற்றர் அளவுதான் வளரும். முழுவதும் மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். கறுப்பின் ஓரத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்து, இரண்டு மாதம் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். நகராமல் அதே இடத்தில் நின்றால் அல்லது அகலமானால் அது இரத்தக் கட்டு அல்ல. அடிபட்டது நினைவில் இல்லாவிட்டால் அந்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டாம்.

பாதத்தில் வரும் மெலனோமாவைக் கால் ஆணி என்றும், நகத்தில் பங்கசு என்றும், சீனி வருத்தத்தால் வந்த புண் என்றும் நினைத்து மாதக்கணக்கில் களிம்பு பூசுகிறார்கள். சிலது கறுப்பாகவே இராது. சிவந்த தசை போல் இருந்து இரத்தம் கசியும். எந்தப் பெயர் சொல்லி மருந்து போட்டாலும், இரண்டு மாதமாகியும் ஆறாத புண்ணுக்கு அந்தப் பெயர் சரிதானா என்று மீண்டும் கேட்க வேண்டும்.

போரில் காயப்பட்டவர்கள் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. எரிகாயத் தழும்பு, பல வருடமாக ஆறாத புண், செயற்கைக் கால் உரசும் இடத்தில் திரும்பத் திரும்ப வெடிக்கும் தோல் ஆகியவற்றில் மெலனோமா அல்லாத வேறு வகைத் தோல் புற்றுநோய் வரக்கூடும். காயம் பட்டுப் பல பத்து வருடங்கள் கழித்தும் வரலாம். பழைய தழும்பில் புதிதாகத் தடிப்பு, ஓரம் உயர்ந்த புண், துர்நாற்றம், இரத்தக் கசிவு என்றால் அது பழைய காயத்தின் தொடர்ச்சி என்று விட்டுவிடக் கூடாது.

மச்சத்தையோ மறுவையோ மயிரால் கட்டுவது, சுண்ணாம்பு வைத்துச் சுடுவது, பிளேட்டால் சீவுவது எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது தீயதாக இருந்தால் மேலே உள்ள அடையாளம்தான் அழியும். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்ற பேச்சும் பிழை. சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பதால் நோய் பரவுவதில்லை. அதைச் செய்யாமல் உறுதியாகச் சொல்லவும் முடியாது. பக்கத்து அரச வைத்தியசாலையில் காட்டி, தோல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். எப்போது தொடங்கியது, எப்படி மாறியது என்று சொல்லுங்கள். படம் இருந்தால் காட்டுங்கள். ஷெல் பட்ட இடம் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் அதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள்.

இன்றிரவு கால் கழுவிவிட்டுப் படுக்கப் போகும்போது விளக்கின் கீழே உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். பத்து நகங்களையும் பாருங்கள். வீட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ இருந்தால் அவர்களின் காலையும் பாருங்கள்.